பச்சைப் புள்ளியும் வேலைத் திருப்தியும்

(திரையில்: இரவு 9.40. மேசை மேல் ஒரு போன் அதிர்கிறது.)

"அந்த ரிப்போர்ட் என்னாச்சு?"

மேனேஜரோட மெசேஜ். காலையில பார்த்தா போதும்னு நினைச்சுதான் அனுப்பியிருக்கார். ஆனா அதை எழுதலையே! மெசேஜ் வந்த ஊழியர் லேப்டாப்பைத் திறந்துட்டார்.

டிஜிட்டல் தலைமைன்னா புது சாஃப்ட்வேர் வாங்குறதுன்னு பலர் நினைக்கிறாங்க. வாங்குறது பர்ச்சேஸ் வேலை. அதை வச்சு ஆட்களோட ஒரு நாள் எப்படி மாறுதுங்கறதுதான் தலைமையோட வேலை.

அமெரிக்க உளவியலாளர் ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க், 1959. சுமார் 200 இன்ஜினியர்கள், அக்கவுன்டன்ட்கள்கிட்ட பேசிட்டு அவர் சொன்னது: அதிருப்தி போனா திருப்தி வந்துடாது, ரெண்டும் வேற வேற. சம்பளம், மேற்பார்வை, வேலைச் சூழல் சரியில்லன்னா எரிச்சல் வரும். சரி பண்ணினா எரிச்சல் போகும், அவ்வளவுதான். மனநிறைவு வர்றது சாதனையால, அங்கீகாரத்தால, பொறுப்பால.

அப்போ ஹேங் ஆகாத சிஸ்டம் கொடுத்தா? எரிச்சல் போச்சு. பல இடங்கள்ல கதை அதோட முடிஞ்சிடுது.

(திரையில்: வேலைகளை ஒவ்வொரு கார்டா காட்டுற ஒரே டாஸ்க் போர்டு ஆப், ரெண்டு டீம்.)

முதல் டீம்ல, எந்த வேலையை முதல்ல எடுக்கணும்னு அவங்களே முடிவு பண்றாங்க. ரெண்டாவதுல, ஒவ்வொரு கார்டுக்கும் எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு மேலே இருக்கிறவர் எண்ணுறார். ஆப் ஒண்ணுதான். சுமை கூடி, முடிவெடுக்கிற உரிமை குறைஞ்சா அழுத்தம் ஏறும்னு ஆய்வாளர் ராபர்ட் கரசெக் 1979லயே எழுதிட்டார். இன்னைக்கு, ஆள் 'ஆன்லைன்'ல இருக்கார்னு சாட் ஆப்ல காட்டுற பச்சைப் புள்ளி அணையாம இருக்க மவுஸைத் தானா அசைக்கிற கருவியே விக்கிறாங்க. அந்த நேரத்துல நடக்கிறதுக்குப் பேர் வேலையா?

இன்னொரு கொடுமை: புது ஆப்ல ஏத்தினதையே எக்செல்லயும் ஏத்தணும். ஏன்? ஆப்பை மேனேஜர் திறக்கிறதே இல்ல.

ஒரு எச்சரிக்கை. நல்ல டிஜிட்டல் தலைமை இருந்தா திருப்தி கூடுதுன்னு சொல்ற ஆய்வுகள்ல நிறைய, ஒரே ஊழியர்கிட்ட ஒரே நேரத்துல ரெண்டையும் கேட்டவை. வேலை பிடிச்சவர் மேனேஜருக்கும் தாராளமா மார்க் போடுவார். எது காரணம், எது விளைவுன்னு அதுல பிரிக்கிறது கஷ்டம்.

பிரான்ஸ்ல 2017 ஜனவரி முதல், குறைஞ்சது 50 பேர் இருக்கிற நிறுவனங்கள், வேலை நேரம் முடிஞ்சதும் தொடர்பைத் துண்டிக்கிற உரிமையைப் பத்தி ஊழியர் தரப்போட பேசியாகணும். சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மெசேஜை நேரம் குறிச்சு அனுப்புற வசதி பல ஆப்ல ஏற்கெனவே இருக்கு.

(திரையில்: காலை 9.05. அதே போன்.)

"ரிப்போர்ட் வியாழன் மீட்டிங்குக்கு வேணும். புதன் சாயங்காலம் கொடுத்தா போதும். எந்த டேட்டாவை முன்னால வைக்கலாம்னு நீங்களே பாருங்க."