ஒரு கரண்டியின் முதுகில் ஐந்து குறிகள்

[திரையில்: மர மேசை மீது ஒரு வெள்ளிக் கரண்டி. கேமரா மெல்லக் கீழே இறங்குகிறது.]

வணக்கம். இன்றைய வீடியோவின் கதாநாயகன் இந்த ஒரே ஒரு கரண்டிதான். லண்டனில் செய்தது. வயது 200-ஐத் தாண்டிவிட்டது. முன்பக்கம் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. இப்போது திருப்பிப் போடுகிறேன். காம்பின் நுனிக்குப் பக்கத்தில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, வரிசையாக ஐந்து பள்ளங்கள் தெரிகின்றனவா? அவற்றைப் படிக்கத் தெரிந்துவிட்டால் ஊர், வருடம், யார் பேரில் வெளியே வந்தது என்று எல்லாம் வந்துவிடும்.

நகைக்கடையில் தங்கம் வாங்கும்போது "ஹால்மார்க் இருக்கா?" என்று கேட்கிறோம் அல்லவா? அந்தச் சொல்லின் சொந்த ஊர் லண்டன். அங்கே பொற்கொல்லர் சங்கத்தின் கட்டடத்துக்குப் பெயர் கோல்ட்ஸ்மித்ஸ் ஹால். ஹாலில் அடித்த மார்க், அதனால் ஹால்மார்க்.

1300இல் முதலாம் எட்வர்டு மன்னர் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. வெள்ளிச் சாமான் எதுவும் ஸ்டெர்லிங் மாற்றுக்குக் குறையக் கூடாது, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு சுத்த வெள்ளி இருக்க வேண்டும். சோதித்து, சிறுத்தைத் தலைக் குறி அடித்த பிறகுதான் பட்டறையை விட்டு வெளியே போகலாம். செய்தவரும் தன் குறியை அடிக்க வேண்டும் என்ற விதி 1363இல் சேர்ந்தது. எதற்காக? மாற்று குறைந்திருந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. கலைஞனின் கையெழுத்து என்று இன்றைக்கு ஏலக்கூடங்களில் கொண்டாடுகிற இந்தக் குறி, பிறக்கும்போது போலீஸுக்குக் கொடுக்கிற விலாசம் மாதிரிதான் இருந்தது.

[திரையில்: கரண்டியின் பின்புறம், பத்து மடங்கு பெரிதாக.]

சரி, குறிகளுக்கு வருவோம். புதிதாக இதில் இறங்குகிற எல்லோரும் ஒரு தப்பு செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன். எடுத்த எடுப்பில் செய்தவர் குறியில் இருக்கிற இரண்டு எழுத்தை இணையத்தில் தட்டித் தேடுவது. அதில் என்ன சிக்கல் தெரியுமா? லண்டனில் 'டபிள்யூ ஈ' என்று குறி அடித்தவர்களில் வில்லியம் ஈலி இருக்கிறார், வில்லியம் ஈட்டனும் இருக்கிறார். இரண்டு பேருக்கும் கரண்டி, முள்கரண்டிதான் தொழில். எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு போனால் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம். அதனால் செய்தவர் குறியைக் கடைசியில் படியுங்கள். மற்ற நான்கும் வருடத்தைக் கட்டிப் போட்ட பிறகு எழுத்துக்கு வந்தால் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

முதல் குறி சிங்கம். முன்கால் ஒன்றைத் தூக்கியபடி நடக்கிறது. 1544இல் இருந்து இருப்பது. இது இருந்தால் ஸ்டெர்லிங் வெள்ளி. அடுத்தது கிரீடம் வைத்த ஒரு முகம், லண்டன் குறி. சிறுத்தை என்று பெயரே தவிர, உற்றுப் பார்த்தால் இதுவும் சிங்க முகம்தான். நேராக நம்மைப் பார்க்கிற சிங்கத்துக்குப் பழைய பிரெஞ்சில் அந்தப் பெயர். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இந்த இடத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், கிரீடம் மட்டும் தனியாக இருந்தால் ஷெஃபீல்டு. இரண்டு ஊருக்கும் 1773இல்தான் சோதனைச் சாலை கிடைத்தது. மூன்று கோபுரக் கோட்டை எடின்பரோ. கிரீடம் வைத்த யாழ் டப்ளின்.

மூன்றாவது, 'எம்' என்ற சின்ன எழுத்து. எனக்கு மிகவும் பிடித்த குறி இதுதான். 1478இல் இருந்து லண்டனில் வருடத்துக்கு ஓர் எழுத்து. அகரவரிசையில் ஜே-யை விட்டுவிட்டு, யூ-வோடு நிறுத்தி, மொத்தம் 20 எழுத்து. 20 வருடம் முடிந்ததும் எழுத்தின் வடிவத்தை மாற்றி மறுபடி ஏ-யில் ஆரம்பிப்பார்கள். அட்டவணையைத் திறந்து பார்த்தால், இதே மாதிரியான சின்ன 'எம்' லண்டனுக்கு 1747இல் வருகிறது, 1787இல் வருகிறது, 1827இலும் வருகிறது. மூன்றில் எது நம்முடையது?

இங்கேதான் மற்ற குறிகள் சாட்சி சொல்ல வருகின்றன. நான்காவது குறியைப் பாருங்கள். ஒரு மனிதத் தலை, மன்னர் மூன்றாம் ஜார்ஜ். வெள்ளிக்கு வரி கட்டியாயிற்று என்பதற்கான ரசீது அது. 1784 டிசம்பரில் தொடங்கி 1890இல் வரி ஒழிந்ததோடு போய்விட்டது. ஆக 1747 அடிபட்டது. இப்போது சிறுத்தைக்குத் திரும்பிப் போவோம். தலையில் கிரீடம் இருக்கிறது. லண்டன் சிறுத்தை 1821இல் கிரீடத்தை இழந்துவிட்டது. ஆக 1827உம் போயிற்று. மிச்சம் 1787. அன்றைக்கு எழுத்தை மே மாதக் கடைசியில்தான் மாற்றுவார்கள் என்பதால் 1787-88 என்று சொல்வது சரி.

[திரையில்: கடைசிக் குறி மட்டும். கூட்டெழுத்தில் எச், பி.]

இப்போது அந்த ஐந்தாவது குறி. வளைத்து எழுதிய 'எச்', வளைத்து எழுதிய 'பி'. 1787இல் லண்டனில் இந்த வடிவத்தில் குறி அடித்தவர் ஹெஸ்டர் பேட்மன். கணவர் ஜான் பேட்மன் சங்கிலி செய்கிறவர், 1760இல் இறந்தார். பட்டறைக் கருவிகளை மனைவி பேருக்கு எழுதி வைத்திருந்தார். மறு வருடமே அந்த அம்மாள் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலுக்குப் போய்த் தன் பெயரில் குறியைப் பதிவு செய்தார். 1790இல் ஓய்வு பெறும்வரை கிட்டத்தட்ட முப்பது வருடம் பட்டறை அவர் பேரில்தான் ஓடியது.

அவர் ஒதுங்கியதும் மகன்கள் 'பி பி' மேலேயும் 'ஐ பி' கீழேயுமாக ஒரு குறி போட்டார்கள். பீட்டர் சரி, இந்த 'ஐ' யார்? ஜோனதன். அன்றைய குறிகளில் ஜே-க்குப் பதிலாக ஐ-தான் அடிப்பார்கள். ஜான், ஜேம்ஸ், ஜோசப் எல்லோருமே 'ஐ'. இது தெரியாமல் ஐசக், ஐவர் என்று தேடிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

இதைவிடப் பெரிய குழி ஒன்று உண்டு. 1697இல் இங்கிலாந்து வெள்ளியின் மாற்றை 958-க்கு ஏற்றியது. காசுகளை உருக்கிப் பாத்திரமாக்குகிறார்கள் என்பது அரசின் கவலை. அந்த விதி கட்டாயமாக இருந்த 1720 வரைக்கும் செய்தவர் குறியில் இன்ஷியல் கிடையாது, குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்துதான். அதனால் பால் டி லாமெரி என்ற பெரிய கைக்காரர் 1713இல் பதிவு செய்த குறி 'எல் ஏ'. பின்னாளில் 'பி எல்' ஆனார். 1739இல் வந்த சட்டம் எல்லோரும் பழைய அச்சுகளை அழித்துவிட்டு வேறு எழுத்து வடிவில் புதிதாகப் பதிய வேண்டும் என்றது. ஒரே ஆளுக்கு மூன்று குறி எப்படி வந்தது என்று இனிமேல் குழம்ப மாட்டீர்கள்.

லாமெரி பேரை எடுத்ததால் ஒரு திருட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1720இல் அவுன்ஸுக்கு 6 பென்ஸ் வரி போட்டார்கள். கனமான ஜாடிக்கு வரி கையைக் கடிக்கும். அதனால் ஒரு சின்னத் தட்டை ஹாலுக்கு அனுப்பி, கொஞ்சம் வரி கட்டிக் குறி வாங்கிவிடுவார்கள். பிறகு அந்தத் துண்டை வெட்டி ஜாடியின் அடியில் வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். லாமெரியின் பட்டறைச் சாமான்களிலேயே இந்த வேலை உண்டு. கண்டுபிடிப்பது எப்படி? ஜாடியின் அடியில் வாயால் ஊதுங்கள். பொடி வைத்து ஊதிய, அதாவது பற்றவைத்த இடம் நம் மூச்சுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். பனிபோல் படரும் ஈரத்தில் குறிகளைச் சுற்றி ஒரு வட்டக் கோடு சில நொடி நிற்கும். அது தெரிந்தால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

கரண்டியில் கள்ளம் வேறு மாதிரி. நிஜக் கரண்டி ஒன்றை வைத்து அச்செடுத்து வார்த்துவிடுவார்கள், குறிகளும் சேர்ந்தே வந்துவிடும். ஆனால் செய்தவர் குறி பட்டறையில் கையால் அடித்தது. ஒன்றில் கொஞ்சம் சாயும், இன்னொன்றில் சிங்கத்தை இடிக்கும். ஆறு கரண்டியிலும் 'எச் பி' ஒரே கோணத்தில் சாய்ந்து, ஒரே இடத்தில் இருக்கிறதா? வைத்துவிட்டு வாருங்கள்.

[திரையில்: நான்கு சின்னக் கேடயங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து.]

இது நான் ஏமாந்த முள்கரண்டி. நான்கு கேடயத்தில் அழகான நான்கு எழுத்து: ஈ, பி, என், எஸ். ஹால்மார்க் என்று நினைத்து வாங்கினேன். நிக்கல் சில்வர் மேல் மின்முலாம் என்பதன் சுருக்கம் அது. நிக்கல் சில்வரில் வெள்ளி மருந்துக்கும் கிடையாது; செம்பு, நிக்கல், துத்தநாகம். 1840இல் எல்கிங்டன் கம்பெனி இந்த முலாமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு சந்தை முழுக்க இதுதான். தூரத்தில் இருந்து பார்த்தால் ஹால்மார்க் மாதிரி தெரிய வேண்டும் என்றுதான் கேடயம் போடுகிறார்கள். சிங்கம் இல்லையே என்று அன்றைக்கு ஒரு நொடி பார்த்திருந்தால் போதும்.

பிரான்ஸில் வேலை சுலபம். செய்தவர் குறி சாய்சதுரக் கட்டத்துக்குள் இருந்தால் வெள்ளி. நேர்ச் சதுரமாக இருந்தால் முலாம். 1838-க்குப் பிறகு மினர்வா தேவியின் தலையும் பக்கத்தில் இருக்கும், 1 என்ற எண் இருந்தால் 950 மாற்று, 2 என்றால் 800. ஜெர்மனியில் 1888 முதல் பிறை நிலாவும் கிரீடமும், கூடவே பெரும்பாலும் 800. அதே ஜெர்மனியின் ஹானாவ் ஊர்ப் பட்டறைகள் பழைய ஊர்களின் குறிகளைப்போலக் கற்பனைக் குறிகளை அடித்துத் தள்ளியவை. பிரமாதமான வேலைப்பாடு, நம்ப முடியாத குறி.

நம்மூர் பீரோக்களிலும் பிரிட்டிஷ் காலத்து வெள்ளி கிடைக்கும். சென்னை மவுண்ட் ரோடு பி. ஆர் அண்டு சன்ஸ் செய்த சாமான்களில் கம்பெனிப் பெயரைத் தேடுங்கள், சிங்கத்தைத் தேடாதீர்கள். அன்றைக்கு இங்கே அந்த மாதிரி சோதனைச் சாலை இருந்ததில்லை.

இன்னொன்று. செய்தவர் குறி என்றால் அவர் கையால் செய்தார் என்று அர்த்தமில்லை. ராஜ குடும்பத்துக்கு வெள்ளி விற்ற ரண்டெல் கடைச் சாமான்களில் முன்பு பால் ஸ்டோர் என்ற வெள்ளிக் கைவினைஞரின் 'பி எஸ்' இருந்தது. 1819இல் அவர் விலகியதும் முதலாளி ஃபிலிப் ரண்டெல் பேரில் 'பி ஆர்' வந்தது. சுத்தியல் பிடித்த கைகள் வேறு யாருடையவோ. இன்றைய பிரிட்டிஷ் சட்டமே இதைப் பொறுப்பாளர் குறி என்றுதான் சொல்கிறது.

[திரையில்: இரண்டாவது கரண்டி. கைபேசி விளக்கு பக்கவாட்டில்.]

ஹெஸ்டர் பேட்மன் ஆரம்பத்தில் மற்ற கடைகளுக்குச் செய்து கொடுத்தவர். வாங்கியவர்கள் அவர் குறியின் மேலேயே தங்கள் குறியை அடித்துவிடுவார்கள். குறி இருக்கிற இடத்தைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள் என்று நான் கத்துவது இதற்காகத்தான். இந்தக் கரண்டியில் மேலே இருப்பது வேறொருவர் குறி. விளக்கைச் சாய்க்கிறேன். கட்டத்தின் இடது ஓரத்தில், அடியில் இருந்து ஒரு வளைவு எட்டிப் பார்க்கிறது. முப்பது நொடி படத்தை இப்படியே விடுகிறேன். அது எந்த எழுத்தின் வால் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.