போனை மூடி வைத்த ஐந்து நாள்

நடுவர் ஐயாவுக்கும், முன்னால் பாய் விரித்து இருக்கிற அம்மாமாருக்கும், பின்மதிலில் ஏறியிருந்து என்னை வீடியோ எடுக்கிற தம்பிமாருக்கும் வணக்கம். எடுங்கோ தம்பி, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் சொந்த ஊரில்தானே இருக்கிறீர்கள், இன்றைய தலைப்பு பயணம் போகிறவர்களுக்கு.

பயணத்தில் மனநிறைவு தருவது, போகிற இடத்தை உடனுக்குடன் பகிர்வதா, பேஸ்புக்கையும் டிக்டொக்கையும் மூடி வைத்துவிட்டுப் போவதா? இதுதான் தலைப்பு. நான் மூடி வைக்கச் சொல்கிற கட்சி.

எதிரணித் தங்கச்சி ஒரு கேள்வி கேட்டுப் பெரிய கைதட்டல் வாங்கினார். யுத்த காலத்தில் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 பாதை பூட்டிக் கிடந்த வன்னி மண் இது, ஒரு குரலைக் கேட்கத் தவம் கிடந்த சனம் இது, இங்கே நின்றுகொண்டு தொடர்பை அறு என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டார். நானும் கை தட்டினேன், பொய் சொல்லவில்லை. என் பெரியம்மா 2002இல் பாதை திறந்த கையோடு, வெளிநாட்டில் இருந்த மகனோடு கதைக்க வவுனியாவுக்கு பஸ் ஏறிப் போய், ஒரு போன் கடை வாசலில் காலையில் இருந்து பின்னேரம் வரை குந்தியிருந்தவர். 2006 ஓகஸ்டில் பாதையை மறுபடி பூட்ட அதுவும் போயிற்று. ஆனால் தங்கச்சி, அந்தக் கதவைப் பூட்டியது நாங்கள் இல்லை, திறப்பும் எங்களிடம் இருக்கவில்லை. நான் சொல்கிற கதவின் திறப்பு என் மடியில்தான் இருக்கிறது. பட்டினி கிடக்கிறவனுக்கும் விரதம் இருக்கிறவனுக்கும் வயிறு ஒரே மாதிரித்தான் காயும், அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடுமா? அதோடு பெரியம்மா தேடிப் போனது ஒரேயொரு குரலை. தான் என்ன சீலை கட்டியிருக்கிறேன் என்று அறுநூறு பேருக்குக் காட்ட அவர் வவுனியாவுக்குப் போகவில்லை.

போன மாரியில் கொழும்பில் இருந்து வந்த அக்கா குடும்பத்தை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சி இரணைமடுக் குளம் பார்க்கப் போனேன். வான்கதவுகள் திறந்திருந்த நேரம். 1902இல் வேலை தொடங்கி, கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம். கதவு திறந்தால் அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் சொல்வது கேட்காது, நெஞ்சுக்குள் அதிரும். மருமகனுக்குப் பதினைந்து வயது. போனை நிமிர்த்திப் பிடித்தான், யாரோ ஒருவரின் குடை குறுக்கே வந்தது, திரும்ப எடுத்தான். பிறகு தலைமயிர் சரியில்லை, திரும்ப எடுத்தான். ஆறோ ஏழோ தரம். அவனுக்குப் பின்னால் நுரைக்குள் இருந்து கையளவு மீன்கள் எதிர்த்துத் துள்ளுகின்றன, கீழே பெடியள் வலையோடு சறுக்கி விழுகிறார்கள், சனம் சிரிக்கிறது. அவன் தண்ணீருக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கிறான்.

திரும்பி வரும்போது முறிகண்டிப் பிள்ளையாரடியில் வழமை போல வான் நின்றது. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, பேப்பர்ச் சுருளில் கை சுடச் சுடக் கோது உடைத்துத் தின்றோம். அவன் இறங்கவே இல்லை. கேட்டால், முப்பத்தெட்டு லைக்தான் வந்திருக்கிறதாம், கூடப் படிக்கிற ஒருத்தன் பார்த்துவிட்டும் லைக் போடவில்லையாம். பிள்ளையின் முகம் வாடிப்போயிற்று. நடுவர் ஐயா, அந்த வாட்டம் இரணைமடுவில் இருந்து வந்ததா?

அவனை மட்டும் குறை சொன்னால் எனக்கு வாய் புழுத்துவிடும், ஏனென்றால் அதே வியாதி எனக்கும் இருந்தது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்து தெற்கே கதிர்காமத்துக்கு நடக்கிற யாத்திரைக்காரர் எங்கள் வற்றாப்பளை வழியாகத்தான் போவார்கள். முழுத் தூரமும் நடக்க எனக்கு லீவும் இல்லை, காலும் இல்லை. கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதை தொடங்குகிற உகந்தைக்கு பஸ்ஸில் போய், அந்தப் பாதை திறந்த நாளில் அவர்களோடு சேர்ந்தேன். திருகோணமலையில் ஒரு ஸ்டேட்டஸ், மட்டக்களப்பில் ஒன்று, உகந்தை முருகன் வாசலில் ஒன்று. குமுக்கன் ஆறு கடந்ததும் என் போனில் கவரேஜ் போய்விட்டது.

முதல் நாள் கை சும்மா சும்மா மடிக்குப் போய் வந்தது. மான் கூட்டம் ஒன்று குறுக்கே போக, நான் மானைப் பார்க்கவில்லை, அந்தப் படத்துக்கு மேலே என்ன எழுதலாம் என்று மனம் சொல் தேடிக்கொண்டிருந்தது. எடுக்காத படத்துக்கு! அப்போதுதான் என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. இரண்டாம் நாள் எரிச்சல். மூன்றாம் நாள் எப்போது அது நின்றது என்று தெரியாது, நின்றுவிட்டது. அக்கரைப்பற்றுப் பக்கத்து அம்மா ஒருவர் பக்கத்தில் நடந்தார். காட்டுக்குள் எல்லோரும் எல்லோருக்கும் சாமிதான். "சாமி எந்த ஊர்?" என்றார், "முள்ளியவளை சாமி" என்றேன், அவ்வளவுதான், பிறகு இரண்டு மணித்தியாலம் பேசாமல் நடந்தோம். என்ன நேர்த்திக்கடன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மத்தியானம் ஒரு போத்தல் தண்ணீரை ஐந்து பேர் அண்ணாந்து குடித்தோம், வாய் படாமல், ஒரு சொட்டு சிந்தாமல். அந்த அம்மாவின் படம் என்னிடம் இல்லை. ஆனால் இடது பெருவிரலில் அவர் சுற்றியிருந்த மஞ்சள் துணி இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

இது என் ஒருவனின் கதை என்று எதிரணி சொல்லும். சரி. இங்கிலாந்து, நியூசிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 பேரைப் போனும் இணையமும் இல்லாமல் பயணம் போகவிட்டு, நாட்குறிப்பு எழுத வைத்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். முதலில் பதற்றம், எரிச்சல், பிறகு பழகிப்போதல், அதற்குப் பிறகு ஒரு விடுதலை. என் மூன்று நாளும் அப்படியே. பயந்து இடையில் விட்டவர்களும் அதில் உண்டு, மறைக்கவில்லை. 2014இல் வந்த லிண்டா ஹென்கலின் அருங்காட்சியக ஆய்வு, படம் எடுத்த பொருட்களைவிட வெறும் கண்ணால் பார்த்தவைதான் கூடுதலாக ஞாபகத்தில் நின்றன என்கிறது. அதே ஆய்வில், ஒரு சிறு பகுதியைக் கிட்டவாக்கி எடுத்தவர்களுக்கு அந்த மறதி வரவில்லை என்றும் இருக்கிறது. எதிரணி வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொள்ளட்டும். ஆறுதலாக நின்று உற்றுப் பார்த்தவனுக்குத்தான் அந்தச் சலுகையும்.

யானை வந்தால் என்ன செய்வாய், வழி தவறினால் என்ன செய்வாய் என்று எதிரணி அண்ணை ஒருவர் வெருட்டினார். அண்ணை, போனை ஆற்றில் எறியச் சொன்னேனா? அழைப்பு எடுங்கள், வரைபடம் பாருங்கள். பேஸ்புக்கைக் கண்டு யானை விலகிப் போனதாக நான் கேள்விப்படவில்லை. படம் போட்டால்தானே வன்னிக்கு நாலு பேர் வருவார்கள் என்றார் இன்னொருவர். நியாயம்தான், கச்சான் விற்கிறவரும் பிழைக்க வேண்டும். வீட்டுக்குப் போய்க் கால் கழுவிவிட்டுப் போடுங்கள், முறிகண்டிப் பிள்ளையார் அதற்குள் எங்கே போகப்போகிறார்?

ஐந்தாம் நாள் மாணிக்க கங்கையில் முழுகிவிட்டுப் போனைப் போட்டேன். குண்டூசி கொட்டியது போல 214 செய்தி. அதில் அம்மாவின் அழைப்பு இரண்டு. மற்றதெல்லாம் கிடக்கட்டும் என்று அம்மாவுக்கு எடுத்தேன். மற்ற நேரம் ஊர் திரும்பி ஏதாவது சொல்லத் தொடங்கினால், "ஓம் ஓம், ஸ்டேட்டஸில பார்த்தனான்" என்று சொல்லி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அன்றைக்கு மான் கூட்டத்தில் தொடங்கினேன், மஞ்சள் துணி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சொன்னேன். சார்ஜ் முடிந்து போன் அணைகிற வரைக்கும் அம்மா "பிறகு?", "பிறகு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வணக்கம்.