கண்டிப்பா, கனிவா? கனிவு அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "வாழ்க்கையை நடத்த வேண்டியது கண்டிக்கும் மனமா, கனிவான மனமா?" என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மேசையைத் தட்டித் தட்டி மூன்று கேள்விகள் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே ஒரு சாட்டை இல்லாவிட்டால் மனுஷன் உருப்படுவானா? நிதானமாக இருப்பவனை ஊர் ஏறி மிதிக்காதா? சண்டைக்கு நடுவில் கண்ணை மூடி உட்கார யாருக்கு நேரம் இருக்கிறது? கைதட்டல் பலமாக விழுந்தது. நானும் தட்டினேன். கனிவு அணி ஆயிற்றே!

சாட்டையிலிருந்து வருகிறேன். 2012-இல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவின் பெர்க்லியில் பிரைன்ஸ், சென் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு வேண்டுமென்றே கடினமான ஒரு சொல்வளத் தேர்வு வைத்தார்கள். ஒரு குழுவிடம், இது பலருக்கும் கஷ்டம்தான், உங்களை ரொம்பக் கடிந்துகொள்ளாதீர்கள் என்ற பொருள்படச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம், இங்கே இடம் கிடைத்ததே நீங்கள் புத்திசாலி என்பதால்தானே என்று ஏற்றிவிட்டார்கள். மூன்றாவது குழுவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் உட்கார்ந்து படித்தது எந்தக் குழு? கடிந்துகொள்ளாதே என்று கேட்ட முதல் குழு. கனடாவில் 2010-இல் வந்த ஆய்வும் இதே பக்கம்தான். படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். காரணம் எளிது. திட்டு வாங்கிய மனதுக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே திட்டுதான் ஞாபகம் வரும். அந்தக் கசப்பிலிருந்து தப்பிக்கக் கை போனைத் தேடும்.

சரி, கண்டிக்கும் மனதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளச் சொல்கிறோமா? இல்லை ஐயா. அங்கேதான் எதிரணி எங்களைத் தப்பாகப் புரிந்துகொண்டது.

1980-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்வார்ட்ஸ் என்ற குடும்ப சிகிச்சையாளர் சிகாகோவில், அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுக்கும் கோளாறு உள்ளவர்களுக்குச் சிகிச்சை தந்துகொண்டிருந்தார். அவர்கள் தங்கள் மனதுக்குள்ளே தனித்தனி ஆட்கள் மாதிரிப் பல பகுதிகள் இருப்பதாகவும், அவை ஒன்றோடொன்று மோதுவதாகவும் சொன்னார்கள். வீட்டில் நாலு பேரை உட்காரவைத்துப் பேசித் தீர்க்கிறவர், அதே முறையை ஒரே ஆளுக்குள் கொண்டுபோனார். தொடக்கத்தில் அவரும் எதிரணிக் கட்சிதான். தன்னையே வெட்டிக்கொள்ளும் ஒரு பெண்ணிடம், அப்படிச் செய்யத் தூண்டும் பகுதியை அடக்கப் பார்த்தார். அடுத்த முறை அந்தப் பெண் முகத்தில் வெட்டுக்காயத்தோடு வந்து நின்றார். அதன் பிறகுதான் மல்லுக்கட்டுவதை விட்டு, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அந்தப் பகுதியிடமே கேட்டார். அது பதில் சொன்னது. அவர் உருவாக்கிய 'உள்குடும்ப' சிகிச்சை முறைக்கு இது ஒரு திருப்புமுனை.

அந்த முறைப்படி உள்ளே மூன்று வகையினர். பழைய அவமானத்தையும் பயத்தையும் சுமந்துகொண்டு மூலையில் ஒதுக்கப்பட்டவர்கள் ஒரு வகை. அந்த வலி மேலே வராதபடி முன்கூட்டியே திட்டிக் கண்காணிக்கும் மேனேஜர்கள் இன்னொரு வகை. அதையும் மீறி வலி வந்துவிட்டால் குடி, தீனி, கத்தல், விடிய விடிய போன் என்று எதையாவது போட்டு அணைக்கும் தீயணைப்புப் படை மூன்றாவது. எதிரணி போற்றும் சாட்டை, மேனேஜர் கையில் இருப்பது. இந்த மூவரையும் கேட்டு நடத்தக்கூடிய நிதானமான 'நான்' எல்லாருக்குள்ளும் உண்டு என்பதுதான் ஸ்வார்ட்ஸ் சொன்னது. நிதானம், அறியும் ஆவல், கனிவு, தெளிவு, தன்னம்பிக்கை, துணிச்சல், படைப்பூக்கம், ஒட்டுறவு என்று எட்டுக் குணங்களை அதற்கு அடையாளமாகச் சொன்னார்.

தத்துவம் போதும், வீட்டுக்கு வருவோம். மகன் ரிப்போர்ட் கார்டை நீட்டுகிறான். கணக்கில் 38. அப்பாவுக்குத் தாடை இறுகுகிறது, காது சூடாகிறது, நாக்கு நுனியில் "எருமை" தயாராக நிற்கிறது. முதல் வேலை, அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. தாடையில். இரண்டாவது, "நான் கோபமா இருக்கேன்" என்பதை "எனக்குள்ள ஒண்ணு கோபமா இருக்கு" என்று மாற்றிச் சொல்லிப் பார்ப்பது. கோபம் போகாது, ஆனால் நடுவில் ஒரு சாண் இடைவெளி விழும்.

மூன்றாவதுதான் உயிர்நாடி. அந்தக் கோபத்தின் மேல் எனக்கு என்ன தோன்றுகிறது? "சனியன், இதை ஒழிக்கணும்" என்று பதில் வந்தால், பேசுவது நிதானமான நான் இல்லை, இன்னொரு மேனேஜர். அவரையும் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்ல வேண்டும். விரட்டக் கூடாது, கேட்டுக்கொள்ள வேண்டும். "இது ஏன் இவ்வளவு கத்துதுன்னு தெரிஞ்சுக்கணும்" என்று உண்மையான ஆவல் வரும்வரை இதே கேள்விதான். நாலைந்து சுற்றுகூட ஆகலாம். இந்த இடத்தைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போனால் எல்லாம் வீண்.

ஆவல் வந்தபின் கோபத்திடமே கேட்கலாம்: நீ கத்தாவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாய்? "இவனும் என்னை மாதிரி நாலு பேர் முன்னாடி தலைகுனிவான்" என்று வரும். எப்போதிலிருந்து இந்த வேலை பார்க்கிறாய்? "ஏழாவது படிக்கும்போது பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சாங்களே, அன்னியிலிருந்து." எனக்கு இப்போது என்ன வயது என்று நினைக்கிறாய்? இந்தக் கேள்விக்குப் பல பேருக்குள்ளிருந்து பன்னிரண்டு என்றும் எட்டு என்றும் பதில் வருவது இந்த முறையில் வழக்கம். நாற்பத்தைந்து வயது ஆள் எதிரே நிற்பதே, பழைய வலிக்குக் காவல் நிற்கும் அந்தக் கோபத்துக்குத் தெரியாது! இவ்வளவும் கேட்டபின் அப்பா மகனிடம் பேசுகிறார்: "மார்க்கைப் பார்த்ததும் பயந்துட்டேன்டா. எந்தக் கணக்குல தடுக்குது, காட்டு." கண்டிப்பு குறையவில்லை, கணக்கு நோட்டு மேசைக்கு வந்துவிட்டது.

இது கெட்டுப்போகும் இடங்களையும் நானே சொல்லிவிடுகிறேன், எதிரணிக்கு வேலை மிச்சம். ஒன்று, போலி நிதானம். குரல் தேனாக இருக்கும், நெஞ்சு கல்லாக இருக்கும், "நான் இவ்வளவு அமைதியா பேசுறேன், நீ திருந்தினியா" என்று உள்ளே மீட்டர் ஓடும். எதிராளி மாறியே ஆக வேண்டும் என்ற அவசரம் இருந்தால் அது கனிவு இல்லை, கனிவு வேஷம் கட்டிய மேனேஜர். இன்னொன்று ஆபத்தானது. காவலுக்கு நிற்பவரிடம் அனுமதி கேட்காமல் நேரே பழைய காயத்தைத் தோண்டுவது. அன்றைக்கு அழுது தீர்த்துவிட்டோம் என்று லேசாகத் தோன்றும், அடுத்த நாளே தீயணைப்புப் படை இரட்டிப்பாக இறங்கிவிடும். குடி, தீனி, வெறிக்கத்தல். கொடுமைகளை அனுபவித்தவர்களும், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்களும் இதைத் தனியாகச் செய்யவே கூடாது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் கூட இருக்க வேண்டும். மற்றவர்கள் பெரிய காயத்தை விட்டுவிட்டு, ஹாரன் அடிக்கிறவன் மேல் வரும் எரிச்சலில் ஆரம்பிக்கட்டும்.

இந்த முறையை முடக்குவாதம் உள்ளவர்களிடம் சோதித்து 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒன்பது மாதப் பயிற்சி. அது முடிந்து ஓராண்டு கழித்தும் அவர்கள் சொன்ன மூட்டுவலியும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன. நோயின் தீவிரம் நிலையாகக் குறையவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லி நாங்கள் வரவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி, ஊர் மிதிக்கும் என்பது. ஸ்வார்ட்ஸ் சொன்ன அந்த எட்டுக் குணங்களில் துணிச்சலும் இருக்கிறதே, எதிரணித் தலைவர் எண்ணும்போது தூங்கிவிட்டாரா? கடன் கேட்கும் மைத்துனரிடம் "இந்த முறை முடியாது மாப்ள" என்று ஒரே வரியில் சொல்ல நிதானம் வேண்டும். சாட்டைக்காரர் அதே இடத்தில் கொடுத்துவிட்டு ஆறு மாதம் பொருமுவார்.

கடைசியாக நேரம். கண்ணை மூடவே வேண்டாம். நாலு எண்ணிக்கை மூச்சை உள்ளே, ஆறு எண்ணிக்கை வெளியே. மூன்று மூச்சுக்கு முப்பது விநாடி. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. ஆனால் தினமும் ஐந்து நிமிடமாவது சும்மா இருக்கும்போது பழகியிருந்தால்தான் சண்டையில் கைகொடுக்கும். அப்போதும் முடியாவிட்டால், "பத்து நிமிஷம் கழிச்சு வர்றேன்" என்று நேரத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். சொல்லாமல் போனால் அது கதவைச் சாத்தும் தண்டனை. சொன்னபடி திரும்பி வராவிட்டால் அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். எதிரணித் தலைவர் மறுப்புரைக்கு எழுவதற்குள் ஒரே ஒரு விவரம் கேட்டு வரட்டும்: அவருக்குள் இருந்து கண்டிக்கிறவர் எந்த வயதில் வேலைக்குச் சேர்ந்தார்? நன்றி, வணக்கம்.