டிம் சம் மேசையில் கான்டனீஸ்

வணக்கம் மக்களே! இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹாங்காங்கில், ஷாம் ஷுய் போ என்கிற பகுதியில் ஒரு டிம் சம் கடைக்குள் இருக்கிறேன். தேநீரோடு சின்னச் சின்னப் பலகாரங்கள் சாப்பிடுவதுதான் டிம் சம். இங்கே பேசும் சீன மொழியான கான்டனீஸின் வினைச்சொற்களை எங்கே தொடங்குவது என்று கேட்டால், இந்த மாதிரி ஒரு மேசையில்தான் என்பேன்.

பக்கத்து மேசைப் பாட்டியைப் பாருங்கள். முகம் வேண்டாம், கையை மட்டும் காட்டுகிறேன். சாப்பாடு வருமுன்பே கிண்ணம், குச்சி எல்லாவற்றையும் சூடான தேநீரில் அலசுகிறார். அதுதான் 'லோங்'. கோப்பையில் ஊற்றுவது 'ஜம்'. இதோ, கெட்டில் மூடியைத் தூக்கிச் சாய்த்து வைக்கிறார் பாருங்கள், அது 'கித்'. வெந்நீர் தீர்ந்துவிட்டது, கொண்டு வா என்று அர்த்தம். யாரையும் கூப்பிடவே வேண்டாம். குச்சியால் எடுப்பது 'காப்'. அதைக் 'காப்பு' ஆக்கிவிடாதீர்கள்! நம் நாக்கு கடைசியில் ஒரு உகரத்தை ஒட்டப் பார்க்கும். உதட்டை மூடுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

புத்தகத்தை மட்டும் நம்பினால் இதெல்லாம் கிடைக்காது. இங்கே எழுதுவது சீனாவின் பொது மொழியான மாண்டரினை ஒட்டிய நடை, பேச்சு வேறு. நிற்பதற்கு எழுத்தில் 'ஜாம்', வாயில் 'கேய்'. தூங்குவதற்கு எழுத்தில் 'சொய்', வாயில் 'ஃபன்'. நமக்கு இது புதிதா என்ன? 'உறங்கினான்' என்று எழுதிவிட்டு 'தூங்கிட்டான்' என்று பேசுகிற ஆட்கள்தானே நாம்.

இலக்கணம் ரொம்பச் சுலபம். நான், நீ, அவள் யாராக இருந்தாலும் வினை மாறாது. 'சிக்' என்றால் சாப்பிடு. 'சிக் கன்', சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். 'சிக் ஜோ', சாப்பிட்டாயிற்று. இந்த 'கன்', 'ஜோ' இரண்டையும் மேலே சொன்ன எல்லா வினையோடும் ஒட்டிப் பாருங்கள்.

படுத்துவது தொனிதான், அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரலின் ஏற்ற இறக்கம், மொத்தம் 6. ஆனால் தொனியும் கைவிடுகிற இடம் உண்டு. குழந்தையை முதுகில் சுமப்பது 'மெ'. 'என்ன' என்பதும் அதே உயர்ந்த தொனியில் 'மெ'. ஆக, முதுகில் என்ன சுமக்கிறாய் என்று கேட்க 'மெ மெ ஆ?' ஆட்டுக்குட்டி தோற்றது போங்கள்.

சரி, மேசையை ஒழிக்க ஆள் வந்துவிட்டார். இதற்கு 'ஜப்'. வரிசையில் வேறு ஆட்கள் முறைக்கிறார்கள், கிளம்புகிறேன்.