உள்ளே இருக்கும் கிருமி

நேயர்களுக்கு வணக்கம். மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் தமிழ்நாட்டில் ஒரு காய்ச்சல் தலைகாட்டும். மருத்துவர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். ஊரில் உண்ணிக் காய்ச்சல். மாட்டுக் காதில் கொழுத்துத் தொங்குமே, அந்த உண்ணி அல்ல இது. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தட்டுப்படாத ஒரு பூச்சியின் குஞ்சு. குஞ்சுதான் கடிக்கும், வளர்ந்த பூச்சி கடிக்காது.

கடிவாயில் இறங்கும் கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகமூஷி. ஜப்பானிய மொழியில் மூஷி என்றால் பூச்சி. பிள்ளையாரின் மூஷிகம் ஞாபகம் வந்தால் தப்பில்லை. அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் ஒட்டிக்கொள்வது எலி மேல்தான்.

இந்தக் கிருமி உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். நம் ரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள் அதற்குப் பிடித்த இடம். கதவை உடைத்து நுழைவதில்லை. செல்லின் மேல்பரப்பில் ஒட்டிக்கொண்டு, செல்லையே தன்னை விழுங்க வைக்கிறது. விழுங்கியதை ஒரு பைக்குள் வைத்துச் செரிமானச் சாறு ஊற்றுவது செல்லின் வழக்கம். காசநோய்க் கிருமி அந்தப் பைக்குள்ளேயே இருந்துகொண்டு சாறு வரவிடாமல் தடுக்கும். ஓரியன்ஷியா பையைக் கிழித்து வெளியே குதித்துவிடும்.

குதித்த பிறகு நடப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கிருமிக்கு நீந்த வால் கிடையாது. ஆனால் செல்லுக்குள் தண்டவாளம் போல நுண்குழாய்கள் ஓடுகின்றன. டைனீன் என்ற புரதம் அவற்றின் மேல் நடந்து, ஓரத்திலிருந்து நடுவிலுள்ள உட்கருப் பக்கம் சரக்கு இழுக்கும். கிருமி சரக்கோடு சரக்காகத் தொற்றிக்கொள்கிறது. ஆய்வகத்தில் அந்த நுண்குழாய்களை மருந்து கொடுத்துக் கலைத்துப் பார்த்தார்கள். கிருமிகள் உள்ளே போக வழியில்லாமல் அங்கங்கே சிதறி நின்றன. வழி இருந்தால் உட்கருவின் பக்கத்தில் கூடிப் பெருகும். பிறகு ஓரத்துக்கு வந்து, செல்லின் சவ்வையே போர்வையாகச் சுற்றிக்கொண்டு மொட்டுவிட்டு வெளியேறும்.

இது உள்ளே இருக்கும் கிருமி. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். ரத்தத்தை எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டிலில் விட்டால் எதுவும் வளராது, பாட்டிலில் உயிருள்ள செல் இல்லையே! செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி ஊசி போட்டும் காய்ச்சல் இறங்காது. அந்த ஊசி தாக்குவது கிருமியின் சுவரை; இதற்குச் சுவர் பெயரளவுக்குத்தான்.

ஆகவே உடம்பைத் தேடிப் பாருங்கள். கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு, சிகரெட்டால் சுட்டது போல. வலிக்காது, பெரும்பாலும் அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடி, பாவாடை நாடா இறுகும் இடம், காதின் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும். ஈரம் தங்கும் மடிப்புகளில் பொருக்குக் கட்டாமல் ஆழமில்லாத புண்ணாக இருக்கும். தென்படவில்லை என்றால் நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தை ரத்தத்தில் தேடும் ஐஜிஎம் எலைசா பரிசோதனையும் முதல் சில நாட்களில் நெகட்டிவ் காட்டலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு வழக்கமாக டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், 7 நாள், மருத்துவர் சொன்னபடி. இந்த மருந்து செல்லுக்குள் போகும். பெரும்பாலானோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். நுரையீரல், சிறுநீரகம் பாதிக்கும் அளவுக்கு முற்றிவிட்டால், இரண்டு மருந்தையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியாகக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. தடுப்பூசி இல்லை. புதர்ப் பக்கம் வேலை செய்துவிட்டு வந்தால் உடுப்பை மாற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். காய்ச்சலோடு மருத்துவரிடம் போகும்போது காட்டு வேலைக்குப் போனதையும் சொல்லுங்கள். வணக்கம்.