பிரிண்டர் போர்ட்டில் பாட்டு: ரெசிஸ்டர்களால் ஒரு சவுண்ட் கார்டு

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு மேசை மேல் இருப்பது இதுதான். கேமராவுக்குக் கிட்டக் கொண்டு வருகிறேன், பாருங்கள். ஒரு 25 பின் பிளக், அதன் மூடிக்குள் நெருக்கமாக ரெசிஸ்டர்கள், வெளியே ஒரு ஆடியோ ஒயர். ஐசி (சிப்) கிடையாது, பேட்டரி கிடையாது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளம் ஓடும் பழைய கம்ப்யூட்டரில் பிரிண்டர் மாட்டுகிற இடத்தில் இதைச் செருகினால் பேச்சுக் குரல், டிரம்ஸ், கிதார் எல்லாம் வரும்.

இதன் மூலவடிவம், அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் இருந்த கோவாக்ஸ் கம்பெனி 1980களின் பிற்பாதியில் விற்ற 'ஸ்பீச் திங்'. பிரபலமான சவுண்ட் பிளாஸ்டர் சவுண்ட் கார்டு 1989இல்தான் வந்தது. அதற்கு முன் சாதாரண ஐபிஎம் பிசியில் இருந்தது பீப் அடிக்கிற ஸ்பீக்கர்தான். ஸ்பீச் திங்கின் சுற்று அவ்வளவு எளிமை என்பதால் போலந்திலும் ரஷ்யாவிலும் பலர் வீட்டிலேயே செய்துகொண்டார்கள். பிசிக்கு மட்டுமில்லை, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டரின் நகல்களுக்கும்தான். 'கோவாக்ஸ்' என்றாலே இந்த மாதிரிக் கருவி என்று பேர் ஆகிவிட்டது.

சரி, வேலை செய்வது எப்படி? பிரிண்டர் போர்ட்டில் 2 முதல் 9 வரை எட்டுப் பின்கள் டேட்டா. பெரும்பாலான மெஷினில் 378 ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) முகவரிக்கு ஒரு எண்ணை அனுப்பினால், அடுத்த எண் வரும்வரை அந்த எட்டுப் பின்களும் அப்படியே நிற்கும். இந்த எட்டையும் எடைக்கற்கள் மாதிரி 1, 2, 4 என்று 128 வரை கூட்டி ஒரே வோல்ட்டேஜாகத் தருவதுதான் ரெசிஸ்டர் ஏணியின் வேலை. ஒவ்வொரு பின்னிலிருந்தும் 20 கிலோ ஓம். அவை சேரும் புள்ளிகளுக்கு நடுவே 10 கிலோ ஓம். பின் 2 பக்கக் கடைசியில் இன்னொரு 20 கிலோ, கிரவுண்டுக்கு. பின் 9 பக்கத்திலிருந்து சத்தத்தை எடுக்கிறோம். மொத்தம் 16 ரெசிஸ்டர். நான் 20 கிலோ வாங்கவே இல்லை. 10 கிலோவை இரண்டிரண்டாகத் தொடர்ந்து இணைத்தேன். அப்போது ரெசிஸ்டர் எண்ணிக்கை 25 ஆகும், ஆனால் எல்லாம் ஒரே பட்டையிலிருந்து வருவதால் மதிப்பு நன்றாக ஒத்துப்போகும்.

இந்த ஒத்துப்போவதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 127லிருந்து 128க்குப் போகும்போது எட்டு பிட்டும், அதாவது எட்டுப் பின்களும், ஒரே சமயத்தில் மாறுகின்றன. ஏழு கீழே இறங்க, ஒன்று மேலே ஏறுகிறது. வோல்ட்டேஜ் ஒரே ஒரு படிதான் ஏற வேண்டும், அதாவது 256இல் ஒரு பங்கு. பின் 9இன் ரெசிஸ்டர் மதிப்பு 5 சதவீதம் வரை மாறக்கூடிய ரகமாக இருந்து பிசகினால், ஏற வேண்டிய இடத்தில் வோல்ட்டேஜ் இறங்கிவிடும். அமைதி என்பதே 128 என்ற எண்தான். மெல்லிய இசை எல்லாம் அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் ஆடும். ஆகவே இந்தப் பிழை உரத்த இடத்தில் மறைந்து, பாட்டு தேயும் இடத்தில் கரகரப்பாகக் கேட்கும். 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் போடுங்கள். மல்டிமீட்டரில் அளந்து, மிக நெருக்கமானவற்றைப் பின் 9க்கும் 8க்கும் ஒதுக்குங்கள்.

வெளியே வரும் சத்தம் ஆம்ப்ளிஃபயருக்கு மிக அதிகம். வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 2.7 கிலோ ஓம் போட்டால் ஒரு வோல்ட் அளவுக்குக் குறையும். அதற்கு இணையாக 15 நானோ ஃபாரட் கெபாசிட்டர் வைத்தால் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள கீச்சொலி அடங்கும். ஆம்புக்குப் போகும் வழியில் ஒரு மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் தொடராக. அவ்வளவுதான். செருகுவதற்கு முன் கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள், போர்ட் சிப் பாவம்.

கருவி எளிமை, பாரம் முழுக்க பிராசஸர் தலையில். நொடிக்கு 18 தரம் துடிக்கும் டைமரை 11,000 தரத்துக்கு ஏற்றி, ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு எண் அனுப்ப வேண்டும். 4.77 மெகா ஹெர்ட்ஸ் பிசியில் ஒரு சாம்பிளுக்கு, அதாவது அனுப்பும் ஒரு எண்ணுக்கு, கிடைப்பது பிராசஸரின் 430 சுழற்சிதான். இதே பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் டிஸ்னி சவுண்ட் சோர்ஸ் என்ற கருவி இதற்குத்தான் 16 எண்களைச் சேர்த்துவைக்கும் நினைவகத்தோடு வந்தது. அனுப்பிவைத்தால் அதுவே 7 கிலோ ஹெர்ட்ஸில் வாசிக்கும். 1992இன் உல்ஃபென்ஸ்டைன் 3டி கேமில் அதற்கு ஆதரவு உண்டு. நம்முடையதில் அந்த வசதி இல்லை, ஆனால் வேகத்தை நாமே தீர்மானிக்கலாம். எனக்கு அதுதான் பிடிக்கிறது.

யூஎஸ்பி பிரிண்டர் ஒயரில் இதை மாட்டினால் ஓடாது. அதற்கு 378 முகவரியே கிடையாது. நிஜமான போர்ட் வேண்டும், டாஸில் பூட் செய்ய வேண்டும். அப்புறம், இந்தக் கருவி இருக்கிறதா என்று எந்த மென்பொருளாலும் கண்டுபிடிக்க முடியாது, செட்டப்பில் நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது இனர்ஷியா பிளேயர் என்ற டாஸ் இசை மென்பொருளைத் திறந்து கோவாக்ஸ், எல்பிடி1 (முதல் பிரிண்டர் போர்ட்) என்று கொடுக்கிறேன். அமீகா கம்ப்யூட்டரில் பிறந்த 'மாட்' வகை இசை ஃபைல், நாலு சேனல், ஒன்று ஓடப்போகிறது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள்.