கவிக்கோவுக்குக் கல்லூரி வேலை துணையா, தடையா? ‘துணையே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கணக்குப் போட்டார். கவிக்கோ அப்துல் ரகுமான் வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரியிலிருந்து 1991இல் விருப்ப ஓய்வு பெற்றார். 1995இல் ‘ஆலாபனை’ கவிதைத் தொகுப்பு வந்தது. 1999இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது. ஆக, வேலையை விட்ட பிறகுதான் கவிதை விளைந்தது என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். நானும் தட்டினேன், சொன்ன அழகுக்காக.

ஆனால் கணக்கில் ஒரு புத்தகத்தை வசதியாக விட்டுவிட்டாரே! ‘பால்வீதி’ எந்த ஆண்டு நடுவர் அவர்களே? 1974. அப்போது அவர் வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த தமிழ் வாத்தியார். புதுக்கவிதையில் சொல்லால் காட்சி வரையும் படிமம், ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்தும் குறியீடு என்று யார் பேச வந்தாலும் இன்றும் அந்தப் புத்தகத்தைத் தொடாமல் நகர முடிவதில்லை. விடைத்தாள் திருத்திய கைதான் அதையும் எழுதியது.

அவருடைய தோட்டக்காரன் கவிதை உங்களில் பலருக்கு மனப்பாடமாக இருக்கும். வேலிக்கு வெளியே நீண்ட கிளைகளை ஒருவன் வெட்டுகிறான். மரம் அவனைக் கேட்கிறது: வேலிக்கு அடியில் நழுவிப் போகும் என் வேர்களை என்ன செய்வாய்? அவ்வளவுதான் சேதி. வேலி எது, வெட்டுகிறவன் யார், ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் அடைபட்ட பெண் வாசித்தால் அது அவள் கதை. சாதிக் கட்டுக்குள் சிக்கியவன் வாசித்தால் அவன் கதை. சொல்லாமல் விட்டதில்தான் கவிதை இருக்கிறது.

இந்த வித்தையை எங்கே பிடித்தார்? சங்கப் பாட்டில் உள்ளுறை என்று ஒன்று உண்டு. தலைவி நேராக எதையும் சொல்ல மாட்டாள்; வயலையும் எருமையையும் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பாள், கேட்கிறவனுக்குச் சுருக்கென்று தைக்கும். தமிழ் வகுப்பில் ஆண்டுதோறும் புதுப் பிள்ளைகளுக்கு விளக்கியாக வேண்டிய பாடம் அது. விளக்கி விளக்கி அதன் நெளிவுசுளிவெல்லாம் வாத்தியாருக்கே படிந்துவிடும். கவிக்கோ அதோடு நிற்கவில்லை. புதுக்கவிதையில் குறியீடு பற்றி ஆய்வே செய்தார். தடை என்கிறீர்களே, அந்த மரத்துக்கு வேர் விட்ட மண்ணே வகுப்பறைதான்!

“அவருக்குக் கவிதை ரத்தத்திலேயே இருந்தது, அப்பாவும் தாத்தாவும் உருதுக் கவிஞர்கள்” என்று அடுத்து ஒருவர் எழுந்து சொல்லுவார். சொல்லட்டும். உருதைக் கொடுத்தது வீடு, ஒப்புக்கொள்கிறேன். தமிழை ஊட்டியது மதுரை தியாகராசர் கல்லூரி. இரண்டும் கலந்ததால்தான் கஜல் என்ற உருதுக் கவிதை வடிவம் அவர் கையில் தமிழ் பேசியது. இரண்டிரண்டு அடியாக, ஒவ்வோர் இணையும் தன் காலில் தானே நிற்கிற வடிவம் அது. குறள் நடத்திய ஆளுக்கு அது அந்நியமாகவா படும்?

சரி, இப்போது சம்பளத்துக்கு வருகிறேன். பட்டிமன்றத்தில் சம்பளம் பேசினால் சிலருக்கு முகம் சுளிக்கும். பேசித்தான் ஆக வேண்டும். திரைப்படத்துக்குப் பாட்டெழுதுவது பற்றிக் கேட்டபோது, அம்மி கொத்துவதற்குச் சிற்பி எதற்கு என்று கேட்டவர் அவர். திரைப்பாட்டை அம்மி என்பதில் எனக்கு உடன்பாடில்லை, அது வேறு சண்டை. ஆனால் அப்படி முகத்துக்கு நேரே ‘மாட்டேன்’ சொல்லும் துணிவு எங்கிருந்து வந்தது? மாதம் பிறந்தால் அரிசிக்கும் வாடகைக்கும் கல்லூரி பார்த்துக்கொள்ளும் என்ற தெம்பும் அதில் இருக்கிறதா, இல்லையா? மெட்டுக்குள் சொல்லை மடக்க வேண்டாம், தயாரிப்பாளர் முகம் பார்க்க வேண்டாம். அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது எது?

கூட்டம், தேர்வு, மதிப்பெண் பட்டியல் எல்லாம் நேரத்தைத் தின்னத்தான் செய்தன. இல்லையென்றால் விருப்ப ஓய்வு எதற்கு? அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் முப்பது ஆண்டு போலக் கற்பித்த பின் வெளியே வந்தவர் எழுதியதுதான் ‘ஆலாபனை’. சகோதரி அறுவடை நாளை மட்டும் குறித்துக்கொண்டு வந்து, விதைத்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே நிமிடம். மற்றக் கவிஞர்களையும் பாருங்கள். மு. மேத்தா சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்தினார். மீரா சிவகங்கையில். இன்குலாப் புதுக்கல்லூரியில். சிற்பி பொள்ளாச்சியிலும் பிறகு பாரதியார் பல்கலைக்கழகத்திலும். கல்லூரி வேலை கவிதைக்குத் தடை என்றால், எழுபதுகளின் புதுக்கவிதையில் இத்தனை பேர் ஏன் வகுப்பறையிலிருந்தே வந்தார்கள்? அடுத்து வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.